வாழ்த்து நீண்ட பத்து நிமிடங்கள்



மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழாவை இன்று கொண்டாடுகிறோம். நாம் கேட்ட நற்செய்தி மிகச் சிறியது. கருவுற்றிருக்கும் மரியா மலைநாட்டுக்குப் போகிறார். வயதான உறவினரின் வீட்டுக்குள் நுழைந்து வாழ்த்துகிறார். அந்தக் குரல் காதில் விழுந்ததும் எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளுகிறது. செபமாலையில் இதை இரண்டாம் மகிழ்ச்சி மறையுண்மையாகச் சொல்லிவிட்டு, பத்து மணிகளையும் விரைவாக உருட்டிக் கடந்துவிடுகிறோம்.

இத்தாலியில் ஃபிளாரன்சுக்கு அருகே கார்மிஞானோ என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கோவிலுக்காக 1528ஆம் ஆண்டு வாக்கில் போந்தோர்மோ என்னும் ஓவியர் இந்தச் சந்திப்பை வரைந்தார். இரு பெண்களும் தழுவியபடி, கண்ணோடு கண் நோக்கி நிற்கிறார்கள்.

அந்த ஓவியம் அமெரிக்கக் காணொளிக் கலைஞர் பில் வியோலாவை விடவில்லை. 1995இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் ‘வாழ்த்து’ என்ற தம் காணொளிப் படைப்பை அவர் வைத்தார். அதில் தெருவில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது பெண் வருகிறார். ஒருவரை அணைத்து, காதோடு ஏதோ சொல்கிறார். நடந்தது அவ்வளவுதான், சுமார் 45 விநாடி. அதிவேகக் கேமராவில் அதை எடுத்து, ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு நீட்டித் திரையில் ஓடவிட்டார். அப்போது ஒரு கை உயர்வதே பெரிய நிகழ்ச்சியாகிறது. ஆடை காற்றில் மெல்ல அலையாக எழுகிறது. அணைப்புக்கு வெளியே நிற்கும் பெண்ணின் முகத்தில் தனித்துவிடப்பட்ட வாட்டம் படர்வதையும் பார்க்கிறோம்.

கருவியால் மாற்றப்பட்ட படத்தில் இறைவனைத் தேடலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவர் பேசாததைப் பேசியதாகக் காட்டும் படங்கள் இன்று நம் கைப்பேசிக்கே வருகின்றன. 787இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் நமக்கு ஓர் அளவுகோல் தந்திருக்கிறது: படத்துக்குச் செலுத்தும் வணக்கம் அதில் காட்டப்படுபவரையே சென்று சேர்கிறது. ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும் இப்படிக் கேளுங்கள்: இது என்னை உயிருள்ள ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா, அல்லது அவரை என்னிடமிருந்து மறைக்கிறதா? வியோலா அந்த 45 விநாடிக்குள் புதிதாக எதையும் ஒட்டவைக்கவில்லை. நம் அவசரம் விழுங்கியதை நம்மிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறையுண்மை மறைந்திருப்பதற்குக் காரணம் அதன் தூரம் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் நம் வேகமே அதற்குத் திரை போடுகிறது.

லூக்கா சொல்வதைக் கவனியுங்கள். மரியா விரைந்து புறப்பட்டார். ஆனால் போன இடத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். அவருடைய அவசரமெல்லாம் வழியில்தான். வாசலைத் தாண்டியபின் அவசரமே இல்லை. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நோயாளியைப் பார்க்கப் போவதை நாள்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். போனதும் கட்டில் ஓரத்தில் நின்றபடியே கடிகாரத்தைப் பார்க்கிறோம். அம்மா பேசுகிறார், நம் கண் கைப்பேசியில் இருக்கிறது. எலிசபெத்து அப்படி இருந்திருந்தால், தன் வீட்டுக்கு வந்திருப்பது யார் என்று அறிந்திருப்பாரா?

இந்த வாரம் ஒருவரைத் தேடிப் போங்கள். விரைந்து போங்கள், போன இடத்தில் உட்காருங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தைப் பாருங்கள்.

சற்று நேரத்தில் இந்தப் பீடத்தில் நற்கருணை உயர்த்தப்படும். அதுவும் சில விநாடிகள்தான். மரியாவின் வயிற்றில் மறைந்து வந்தவரே நம் கண்முன் வருகிறார். அந்தச் சில விநாடிகளை அவசரமின்றிப் பார்க்கும் அருளைத் தூய ஆவியார் நமக்குத் தருவாராக. ஆமென்.