கோட்டுக்கு வெளியே ஒரு கர்மயோகம்

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்னும் கீதையின் போதனையைத் துறவிகளுக்கான பாடம் என்றே பலரும் ஒதுக்கிவிடுகிறோம். அது உழைத்துப் பிழைப்பவர்களுக்கான பாடம் என்பதைக் கால்பந்துப் பயிற்சியாளரின் வாழ்க்கை காட்டுகிறது. 1997-98 தேசிய கால்பந்து லீகில் எஃப்.சி. கொச்சின் அணிக்காக 10 கோல் அடித்து, கோல் அடித்தோர் பட்டியலில் முதலிடம் பிடித்த தமிழக முன்கள வீரர் ராமன் விஜயன், பின்னாளில் பயிற்சியாளரானார். தன் காலால் பலனைப் பறித்தவர், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்று அடுத்தவர் காலை நம்ப வேண்டியவரானார். சொல்லிக்கொடுத்ததை ஆட்டக்காரர் செய்யலாம், செய்யாமலும் போகலாம்.

பயிற்சியாளருக்கும் சம்பளம் உண்டு, அணி தோற்றால் முதலில் போவது அவர் வேலைதான், இதில் பற்றின்மை எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பற்றின்மை என்பது கூலியை மறுப்பதல்ல. விளைவு தன் பிடியில் இல்லை என்று தெரிந்தும் வேலையில் குறை வைக்காதிருப்பது. குமரிக் கடற்கரைக்கு இது புதிதல்ல. கரைமடி வலையைக் கரையில் நின்று இழுக்கையில் கயிற்றின் பின்முனையில் நிற்பவர் மீனைப் பார்ப்பதில்லை. குதிகாலை மணலில் ஊன்றி இழுக்கிறார். அதே கடற்கரையில், கால்பந்தை உயிராக நேசிக்கும் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறைக் கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் என்ற வீரர் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடர் வரை சென்றார். அப்படி ஒருவர் உயரும்போது, பின்முனைக் கயிற்றைப் பிடித்த கைகளும் அந்த உயர்வில் இருக்கின்றன. கோல், அடித்தவருடையது; அந்தக் கால் உரிய நொடியில் உரிய இடத்தில் இருந்ததோ, கற்பித்தவருடைய தவம்.