நிறம் மாறினால் குற்றம் யாருடையது?

ஒரே பெயரில், ஒரே விலையில் வாங்கிய இரண்டு பொருள்கள் நிறத்தில் சற்றே வேறுபட்டால் அது குற்றமாகுமா? ஆகுமெனில் அதன் சுமையை யார் தாங்க வேண்டும்? வினா சிறியதுதான். எனினும் ஓர் ஏழையின் கூலி அதில் அடங்கியிருக்கும்போது அது அறத்தைப் பற்றிய வினாவாகிவிடுகிறது.

சென்ற ஆண்டு எம் பகுதியிலுள்ள ஒரு பள்ளியின் மழலையர் விளையாட்டிடத்தில் ரப்பர் டைல்ஸ் பதித்தனர். பழைய டயர்களை அரைத்துச் செய்தவை அவை. சறுக்குமரத்திலிருந்து விழும் குழந்தைக்கு அடிபடாமல் காப்பதே அவற்றின் பணி. பதித்து முடித்தபின் பார்த்தால், ஒரு பாதி செங்கல் நிறமாகவும் மறுபாதி காவி நிறமாகவும் இருந்தன. நடுவே கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை. பாக்கித் தொகையைத் தர இயலாது என்று பள்ளிக் குழுவினர் கூறிவிட்டனர். பதித்தவர் சிறிய ஒப்பந்தக்காரர். அவருடன் உழைத்த நால்வரின் கூலியும் அந்தப் பாக்கியில்தான் இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் நம் கருத்தையும் கேட்டனர். “இது ஏமாற்று வேலை” என்று நாமும் சொல்லிவிட்டு வந்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இதே சொல்லைப் பல்லாண்டுகளுக்கு முன், ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில், ஒரு நெசவாளரின் வீட்டு வாசலில் நின்று சொன்னது நினைவுக்கு வந்தது.

எம் மகளின் திருமணத்துக்காக நெய்யச் சொன்ன பட்டுப்புடவை அது. வெயிலில் விரித்துப் பார்த்தபோது, உடலின் கடைசி இரண்டு முழம் மட்டும் சற்று வெளிறியிருந்தது. ஊடை நூல் பற்றாமற்போனதால், மறுமுறை சாயமிட்ட நூலை வணிகர் கொடுத்திருக்கிறார். பட்டுக்குச் சாயமிடுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் கோராப் பட்டின் பசையை நீக்கி, கழி கழியாகச் சாயத்தில் தோய்ப்பர். நீரின் உப்பு, சூடு, தோய்க்கும் நேரம், பட்டின் எடை ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் நிறம் மாறும். விளக்கொளியில் ஒன்றாகத் தோன்றும் இரண்டு கழிகள் வெயிலில் வேறாகத் தெரிவதும் உண்டு. “கொடுத்த நூலைத்தான் நெய்தேன், டீச்சரம்மா” என்றார் அந்த நெசவாளர். நாம் கேட்கவில்லை. புடவையைத் திருப்பியும் தரவில்லை. விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டோம். குறைத்த தொகையை வணிகர் நெசவாளரின் கூலியில் பிடித்துக்கொண்டார் என்பது பின்னரே தெரிந்தது. அந்தப் புடவையைத்தான் எம் மகள் மணமேடையில் உடுத்தினாள்.

ரப்பர் டைல்ஸின் கதையும் இதுவே. கந்தகத்துடன் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். அவ்வாறு இறுகிய ரப்பரை மெழுகைப்போல் மீண்டும் உருக்கி வார்க்க இயலாது. ஆகவே தேய்ந்த டயரைத் துகளாக அரைக்கின்றனர். டயரில் கலந்துள்ள கரித்தூளால் அத்துகள் கருமையானது. பாலியூரித்தேன் என்னும் பசையில் செந்நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு போன்ற நிறமியைக் கலந்து, அக்கருந்துகளின்மேல் பூசி, அச்சில் இட்டு அழுத்துகின்றனர். துகளின் பருமனோ, நிறமியின் அளவோ, அச்சின் சூடோ சிறிது மாறினால் நிறமும் மாறும். வெயிலில் பசை மஞ்சளிக்கும்; கால் படும் இடத்தில் பூச்சுத் தேய்ந்து உள்ளிருக்கும் கருமை தெரியும். நிறமூட்டிய புது ரப்பர்த் துகளால் செய்தால் வேறுபாடு குறையும். ஆனால் விலை கூடும். பழைய டயரும் குப்பையிலேயே கிடக்கும். நம் நாட்டில் 2022 ஜூலையில் திருத்தப்பட்ட கழிவு மேலாண்மை விதிகள், பழைய டயர்களை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை டயர் உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. கழிவிலிருந்து பிறந்த பொருளை விரும்புவோர் அதன் பிறவிக் குணத்தையும் ஏற்கத்தானே வேண்டும்?

அப்படியானால் விற்பவர் எதைச் செய்தாலும் பொறுத்துக்கொள்வதா? அன்று. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அளவிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தலும், போலியை உண்மைப் பொருளெனக் காட்டி விற்றலும் அவற்றுள் அடங்கும். நிற வேறுபாடு போலியன்று. அதை அறிந்தும் மறைத்தல் போலிக்கு அண்மையில் நிற்பது. இவ்விரதத்தை விற்பவருக்கு மட்டும் உரியதாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பொருளை வைத்துக்கொண்டு, குற்றமற்றவரின் கூலியைக் குறைப்பவரும் பிறர் பொருளைக் கவர்ந்தவரே அல்லவா? முள்ளிப்பட்டில் நாம் செய்தது அதுதான்.

மறுநாள் காலை பள்ளிக்குச் சென்று நம் சொல்லைத் திரும்பப் பெற்றோம். மூன்றை ஆராய வேண்டினோம். இரு பாதிகளும் ஒரே கனமும் மென்மையும் உடையனவா? வெள்ளைத் துணியால் தேய்த்தால் நிறமோ துகளோ உதிர்கிறதா? உதிர்ந்தால் அது பசையின் குறை, பொறுக்கத் தகாதது. வேறுபாட்டை ஒப்பந்தக்காரர் முன்பே அறிந்திருந்தாரா? முதல் இரண்டிலும் குறையில்லை. மூன்றாவதற்கு அவர் தலைகுனிந்தார். பின்னர் வந்த பெட்டிகளைத் திறந்தபோதே கண்டதாகவும், வேலை தடைப்படுமென அஞ்சிச் சொல்லாது விட்டதாகவும் ஒப்புக்கொண்டார்.

நால்வரின் கூலி அன்றே கொடுக்கப்பட்டது. டைல்ஸ் பசையிட்டு ஒட்டாமல் ஒன்றோடொன்று கோத்துப் பொருத்தியவை. ஆதலால் ஒப்பந்தக்காரர் தம் செலவில் அவற்றை எடுத்து, இரு நிறங்களையும் கலந்து மீண்டும் பதித்தார். வேறுபாடு இன்றும் உள்ளது. எல்லைக்கோடு மட்டும் மறைந்தது. வேறு வேறு பெட்டிகளிலிருந்து கலந்தெடுத்துப் பதிப்பது இத்தொழிலில் வழக்கந்தானாம். தேர்ந்த நெசவாளரும் இரண்டு சாய நூல்களை மாற்றி மாற்றி ஊடையாகச் செலுத்தி இவ்வாறே செய்வதுண்டு. அன்று வணிகர் முன்கூட்டியே சொல்லியிருந்தால், அந்தப் புடவையும் அப்படி நெய்யப்பட்டிருக்கும்.

அந்த நெசவாளர் இன்று இல்லை. பிடித்த கூலியை அவருடைய பிள்ளைகளிடம் சேர்க்க வேண்டுமென்று முள்ளிப்பட்டில் விசாரித்து வருகிறோம். இதுவரை தெரியவில்லை. நம் இல்லங்களில் திருமணத்துக்குப் புடவை எடுக்கும் அன்பர்கள், நிறத்தில் குறை கண்டால் விலையைக் குறைக்குமுன், அது யாருடைய கூலியில் குறையும் என்று ஒருமுறை கேட்டறிவார்களாக.