முக்காலியின் மூன்றாம் கால்

ஒரு மக்கட் கூட்டத்தின் வாக்குரிமையைப் பற்றி இரண்டு அரசுகள் மூடிய அறைக்குள் பேரம் பேசுகின்றன. அம்மக்களோ வாசலிலே நிற்கின்றனர். 1993 ஏப்பிரல் முதல் நவம்பர் வரை பெய்ஜிங்கில் பதினேழு சுற்றுகளாக நடைபெற்ற பிரித்தானிய - சீனப் பேச்சுவார்த்தை இத்தகையது. 1997 யூலை 1 ஆம் திகதி ஹொங்கொங்கின் இறைமை சீனாவுக்குக் கைமாறவிருந்தது. அதற்கு முன், 1995 இல் வரவிருந்த சட்டசபைத் தேர்தலை எவ்வாறு நடத்துவது என்பதே வழக்கு.

தேசாதிபதி கிறிஸ் பற்றன் 1992 ஒக்டோபரில் வெளியிட்ட திட்டத்திலே புரட்சி எதுவுமில்லை. வாக்காளர் வயது 21 இலிருந்து 18 ஆகக் குறையும். அறுபது ஆசனங்களுள் நேரடித் தேர்தலுக்குரியவை அப்போதும் இருபதேதான். சினத்தை மூட்டியவை தொழில்வாரித் தொகுதிகள். வங்கியாளர், வணிகர், வழக்கறிஞர் முதலிய சிறு கூட்டங்களுக்கு உரியனவாயிருந்த அத்தொகுதிகளோடு புதிதாக ஒன்பதைச் சேர்த்து, உழைப்போர் அனைவருக்கும், ஏறத்தாழ 27 இலட்சம் பேருக்கு, அவற்றிலே வாக்களிக்கலாம் என்றார் பற்றன். ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் தன் தொழிலின் பேரால் ஒரு வாக்கு. தொழிலாளர் அரசென்று தன்னைக் கூறிக்கொள்ளும் பெய்ஜிங் அதனை எதிர்த்தது. பெருவணிகர் பலரும் பெய்ஜிங்கின் பக்கமே நின்றனர்.

நம்மவர் சிலருக்கு இவ்விடத்தில் மனம் இடறும். ஏகாதிபத்தியத்தின் கடைசித் தேசாதிபதிக்குப் பரிந்து பேசுவதா? 1985 வரை சட்டசபைக்கு ஓர் உறுப்பினரைத்தானும் தெரிவுசெய்ய விடாதவர்கள், பெட்டி கட்டும் வேளையிலே சனநாயகம் பேசுவதேன் என்று சீனர் கேட்டனர். வினா நியாயமானதே. இலங்கைக்கு 1931 இலேயே சர்வசன வாக்குரிமை தந்த அதே பிரித்தானியர், ஹொங்கொங்குக்கு அது ஆகாதென அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்துவிட்டனர்.

ஆனால், கடன்பட்டவன் காலங்கடந்து, உள்நோக்கத்தோடு திருப்பிக் கொடுக்கிறான் என்பதனால், அப்பணம் உரியவனுக்குச் சேரத் தகாததாகிவிடுமா? பற்றனின் நெஞ்சை ஆராய்வது வரலாற்றாசிரியர் தொழில். வாக்கு பற்றனுடையதன்று. அதனைக் கொடுக்க அவருக்குத் தகுதியில்லை என்ற வாதம், அதனைப் பறிக்க இன்னொருவருக்குத் தகுதி உண்டு என்பதற்குச் சான்றாகாது. இவ்விரண்டையும் குழப்பியதிலேதான் நம் இடதுசாரி நண்பர்கள் பலரின் மௌனம் பிறந்தது என்று நான் கருதுகிறேன்.

குறை 1993 இல் தொடங்கியதுமன்று. 1984 ஆம் ஆண்டுக் கூட்டுப் பிரகடனத்துக்கு முந்திய பேச்சிலேயே, ஹொங்கொங் மக்களையும் ஒரு தரப்பாகக் கொள்ளும் "முக்காலி" ஏற்பாட்டைச் சீனா மறுத்துவிட்டது. பிரித்தானியாவும் அதற்கு இணங்கியே ஒப்பமிட்டது. இரண்டு கால்களிலே நிற்கும் முக்காலியை எந்தத் தச்சன் செய்தான்?

பேச்சு முறிந்தது. 1994 யூனில் ஹொங்கொங் சட்டசபை பற்றனின் திட்டத்தை நிறைவேற்றியது. 1995 இல் தேர்தலும் நடந்தது. 1996 டிசெம்பரில், 400 பேர் கொண்ட தெரிவுக்குழுவொன்று எல்லைக்கு அப்பால் ஷென்சென் நகரிலே கூடி, தற்காலிகச் சட்டசபையின் அறுபது உறுப்பினரையும் தெரிவு செய்தது. 1997 யூலை 1 இல் மக்கள் தெரிவுசெய்த சபை இல்லாதொழிந்தது. 1998 மே மாதத் தேர்தலிலே தொழில்வாரித் தொகுதிகள் மீண்டும் நிறுவனங்களுக்கும் சிறு கூட்டங்களுக்கும் உரியனவாயின. அந்தத் தையற்காரப் பெண்ணுக்குத் தன் தொழிலின் பேரால் வாக்களிக்கக் கிடைத்தது ஒரேயொரு தடவை.