விரதத்துக்கு விலை கேட்டேன்

ஓம் சரவணபவ. 

"ஆறு நாள் சஷ்டி விரதம் இருந்தேன். கேட்டது கிடைக்கலை. முருகனுக்கு என் மேல கோபமா?" வருஷா வருஷம் நம்ம குரூப்ல யாராவது ஒருத்தர் இதைக் கேட்பாங்க. ஒரு காலத்துல நானும் கேட்டவன்தான். அந்தக் கதையை இன்னைக்குச் சொல்றேன்.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் நிலம், கிணத்துப் பாசனம். அந்த வருஷம் ஒரு ஏக்கர்ல தக்காளி போட்டோம். ஐப்பசியில நாற்று நட்ட அதே வாரம் சஷ்டி விரதம் தொடங்கியது. ஆறு நாளும் பாலும் பழமும்தான். சூரசம்ஹாரம் முடிஞ்சதும் கைகூப்பிக் கேட்டேன்: "முருகா, இந்த வாட்டி பெட்டி 300 ரூபாய்க்குக் கீழ போகக் கூடாது."

கார்த்திகை மழையில இலை கருக ஆரம்பிச்சது. அப்பா தண்ணி தேங்காம வாய்க்கால் வெட்டிவிட்டு, கருகின இலையைக் கிள்ளி, மருந்தடிச்சு, செடியைக் காப்பாத்தினார். மார்கழிக் கடைசியில முதல் பறிப்பு. 15 கிலோ பெட்டி 380 ரூபாய்க்குப் போச்சு. "எல்லாம் சஷ்டி பலன்"னு பெருமையா ஸ்டேட்டஸ் வச்சேன்.

தை பிறந்ததும் எல்லார் தோட்டத்துத் தக்காளியும் ஒண்ணா மார்க்கெட்டுக்கு வந்து குவிஞ்சது. நெல் மாதிரி மூட்டை கட்டி வச்சு, விலை ஏறினதும் விற்க தக்காளியில முடியாது. பழுத்தா பறிச்சே ஆகணும், பறிச்சா வித்தே ஆகணும். 380 இருந்தது 200 ஆச்சு, 110 ஆச்சு, கடைசியில 60.

அன்னைக்கு நாங்க கொண்டுபோனது 40 பெட்டி. மொத்தம் 2400 ரூபாய். கமிஷன் 240, வண்டி வாடகையும் இறக்குக் கூலியும் 600, பறிச்ச ஆறு பேருக்குக் கூலி 1500. கழிச்சுப் பார்த்தா மிச்சம் 60 ரூபாய். உரக்கடை பாக்கி அப்படியே நிக்குது. அப்பா ராத்திரி சாப்பிடலை. "இனிமே பறிக்க வேணாம். மாட்டை அவுத்து விட்டுடலாம்"னு மட்டும் சொன்னார்.

எனக்குக் கோபம் அப்பா மேல இல்ல, சாமி மேல. "ஆறு நாள் பட்டினி கிடந்தேனே, இதுதான் பலனா?"ன்னு அம்மாகிட்ட கத்தினேன். அம்மா அடுப்பை விட்டு நகராம சொன்னாங்க: "பழம் கையில கிடைக்காதவனோட வலி அவனுக்குத் தெரியாதா கண்ணு? அதுக்காகத்தானே கோவணத்தோட இந்த மலையில வந்து நின்னான்." கொஞ்ச நேரம் கழிச்சு, "காலையில பத்துப் பெட்டி பறி. ரோட்டுல பிள்ளைங்க நடந்து போகுதுங்க"ன்னாங்க.

தைப்பூசத்துக்கு ரெண்டு நாள்தான் இருந்தது. திண்டுக்கல் பக்கத்துல இருந்து வர்ற பாதயாத்திரைக் கூட்டம் எங்க ஊர் வழியாத்தான் பழனிக்குப் போகும். பத்துப் பெட்டியையும் ஒரு அன்னதானப் பந்தல்ல இறக்கினோம். அப்பா எதுவும் பேசாம அருவாமனையை எடுத்து வச்சு உக்காந்து தக்காளி நறுக்க ஆரம்பிச்சார். மத்தியானம் கொப்புளம் வெடிச்ச காலோட வந்த ஒரு பெரியவர், தக்காளி சாதத்தை ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் வைக்கவாங்க ஐயா?"ன்னு அப்பா கேட்டார். அந்த வாரத்துல அப்பா தானா வாயைத் திறந்து பேசினது அப்பத்தான்.

எனக்கு அப்போ வள்ளியம்மை ஞாபகம் வந்தது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில கிடைச்ச குழந்தை. வளர்ந்ததும் தினைப்புனத்துப் பரண்ல ஏறி, ஆலோலம் பாடி, கவண்கல் வீசிப் பயிரைக் காத்தவ. முருகன் அவளைத் தேடி எங்க வந்தான்? அவ வேலை செய்ற காட்டுக்கே வந்தான். வேடனா வந்தான், வேங்கை மரமா நின்னான், கடைசியில கிழவனா வந்து "பசிக்குது"ன்னு கேட்டான். அவ தினைமாவும் தேனும் கொடுத்தா. வந்திருக்கறது யாருன்னு அவளுக்குத் தெரியாது. இவ்வளவு கொடுத்தா எனக்கு இவ்வளவு வரும்னு கணக்கும் பார்க்கலை.

நான் என்ன செஞ்சிருந்தேன்? விரதத்தைப் பெட்டியில அடுக்கி முருகன் முன்னாடி வச்சு ஏலம் விட்டிருந்தேன். "ஆறு நாள் பட்டினி, பெட்டி 300, சம்மதமா?" அதுக்குப் பேர் வியாபாரம். அந்த வியாபாரம் படியலைன்னுதான் எனக்குக் கோபம்.

விலை விழுந்தது தண்டனையும் இல்ல, 380 வந்தது பரிசும் இல்ல. வரத்து கூடினா விலை குறையும், அவ்வளவுதான். முதல் பறிப்புக்கு ஸ்டேட்டஸ் வச்சப்பவே நான் தப்புப் பண்ணிட்டேன். நல்லது நடந்தா அவன் பலன், கெட்டது நடந்தா அவன் கோபம்னு நினைக்கற மனசு, மார்க்கெட் விலை மாதிரியே தினமும் ஏறி இறங்கும். பக்தி அப்படி ஏறி இறங்கலாமா?

அப்ப விரதம் எதுக்கு? அந்த ஆறு நாள் பசி என்னன்னு எனக்குக் காட்டினது விரதம். அது தெரிஞ்சிருந்தும், அம்மா சொல்ற வரைக்கும் என் கை அடுத்தவங்க பசிக்கு நீளலை.

அன்னதானம் செஞ்சதும் விலை ஏறிடுச்சுன்னு சொன்னா உங்களுக்குக் கேட்க நல்லா இருக்கும். ஆனா ஏறலை. ரெண்டு கிடாய்க்குட்டியை வித்துத்தான் உரக்கடை பாக்கியை அடைச்சோம். அடுத்த பட்டத்துல மொத்தத்தையும் ஒரே நாள்ல நடாம இருபது நாள் இடைவெளி விட்டு ரெண்டு தடவையா நட்டோம். பாதி நிலத்துல அவரை போட்டோம். இப்ப முதல் பறிப்புல ஒரு பெட்டி பந்தலுக்குப் போயிடும், விலை எப்படி இருந்தாலும்.

சஷ்டிக்கு இப்பவும் விரதம் இருக்கேன். வேண்டுதல் மட்டும் மாறிடுச்சு: "முருகா, விலை விழுந்தாலும் என் கை மூடிக்கக் கூடாது."

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அடுத்த தடவை உழவர் சந்தைக்குப் போனா, மண்ணு ஒட்டின கையோட உக்காந்திருக்கறவங்ககிட்ட ரெண்டு ரூபாய்க்குப் பேரம் பேசாதீங்க. வள்ளி காத்த புனத்துல இருந்து வந்தவங்க அவங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!