இரக்கம் கேட்கும் உரிமை

மதச்சார்பற்ற நாளிதழ் ஒன்றில் எழுதும் கிறிஸ்தவர், தம் விசுவாசம் தம்மிடம் கேட்பதை வாசகரிடமும் கேட்கலாமா? திருப்பலிக்குப் போகிறவர், போகாதவர், கோயில் வாசலையே மிதிக்காதவர் என எல்லோரும் காசு கொடுத்து வாங்குகிற ஏட்டில், இரங்குங்கள் என்று எழுத அவருக்கு என்ன உரிமை? திருச்சபையையும் அரசையும் 1905-லேயே சட்டம் போட்டுப் பிரித்துவிட்ட நாடு பிரான்ஸ். அங்கே 1944-ன் இறுதியிலும் 1945-ன் தொடக்கத்திலும் இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. ஜெர்மானியரோடு ஒத்துழைத்த குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றவர்கள் சிறையில் காத்திருந்தார்கள். அவர்களைக் கொல்வதா, விடுவதா என்ற வழக்கு நீதிமன்றத்தில் முடிந்த பிறகும் நாளிதழ்களில் தொடர்ந்து நடந்தது.

இரக்கம் கேட்டவர் பிரான்சுவா மோரியாக். 1885-ல் போர்தோவில் பிறந்த நாவலாசிரியர், 1933 முதல் பிரெஞ்சு அகாதெமி உறுப்பினர், கத்தோலிக்கர். நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, 1943-ல், ஃபொரே என்ற புனைபெயரில் 'கறுப்புக் குறிப்பேடு' என்ற சிறுநூலை எழுதினார். மினுயி என்னும் தலைமறைவுப் பதிப்பகம் அதை வெளியிட்டது. பிடிபட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லாத காலம் அது. ஆகவே விடுதலைக்குப் பின் 'லெ ஃபிகாரோ' நாளிதழில் அவர் இரக்கம் கேட்டபோது, துரோகிகளுக்கு வக்காலத்து வாங்குகிறவர் என்று அவரை எளிதில் ஒதுக்க முடியவில்லை. கேலி செய்ய முடிந்தது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களுக்கெல்லாம் வாய்த்த அசிசியின் பிரான்சிஸ் என்று நையாண்டி ஏடு ஒன்று அவருக்குப் பட்டம் கட்டியது.

எதிரே நின்றவர் ஆல்பெர் காம்யு. 'அந்நியன்' வழியாகத் தமிழ் வாசகர் நன்கறிந்த அவருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. தலைமறைவு இயக்கத்தின் குரலாகப் பிறந்த 'கொம்பா' நாளிதழின் ஆசிரியர், கடவுளை நம்பாதவர். ஆன்றி பெரோ என்ற பத்திரிகையாளருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையைக் கண்டித்து மோரியாக் எழுதினார், காம்யுவையும் கடிந்துகொண்டார். 1945 ஜனவரி 11 அன்று காம்யு பதில் எழுதினார். மனிதர் வழங்கும் நீதி பிசகினாலும் விசுவாசிக்கு மேலே ஒரு நீதி மிச்சமிருக்கிறது. நம்பாதவருக்கு இந்த மண்ணின் நீதியை விட்டால் வேறு கதி இல்லை, அதையும் இரக்கத்தின் பெயரால் பறிக்காதீர்கள் என்பது அவர் வாதம். அதோடு நிற்கவில்லை. 1944 ஜூனில் ஜெர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்ட தம் நண்பர், கவிஞர் ரெனே லெனோவின் பெயரைச் சொன்னார். லெனோவின் மனைவி 'மன்னிக்கலாம்' என்று தம்மிடம் சொல்லும் நாளில் தாமும் மோரியாக்கோடு சேர்ந்து மன்னிப்பதாக எழுதினார்.

இந்த வாதத்தை எந்தக் கிறிஸ்தவரும் அவசரமாகத் தாண்டிப் போகக்கூடாது. அடிபட்டவருக்கு மட்டுமே உரியது மன்னிப்பு. அடுத்த வீட்டுக்காரருக்கு வரவேண்டிய கடனை நாம் தள்ளுபடி செய்ய முடியாது. கன்னத்தில் அறை வாங்கியவனைப் பார்த்துத்தான் மலைப்பொழிவு மறு கன்னத்தைக் காட்டச் சொல்கிறது. வேடிக்கை பார்த்தவனைப் பார்த்து அல்ல. கணவனை இழந்தவளிடம், அவள் அழுது முடிப்பதற்கு முன்பே, செய்தித்தாளின் முதல் பக்கத்திலிருந்து மன்னிக்கச் சொல்வது நற்செய்தியின் பெயரால் செய்யும் வன்முறை. லெனோவே கிறிஸ்தவர் என்பது இந்த இடத்தில் கூடுதலாக உறுத்துகிறது. அவர் சாவைக் காட்டி இரக்கத்தை மறுத்தவர் நாத்திகர். இரக்கம் கேட்டவர் அவருடைய சக விசுவாசி.

ஆனால் மோரியாக் அரசிடம் கேட்டது உண்மையில் மன்னிப்பா? தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைப்பது மன்னிப்பு ஆகாது. கொல்லாமல் விடுவதும் குற்றத்தை மறப்பதும் வேறு வேறு. சிறையில் இருக்கும் கைதியை விதவை ஆயுள் முழுவதும் மன்னிக்காமலே இருக்கலாம். அந்த உரிமை அவளிடமே இருக்கும். அரசின் தலைவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் கருணை அதிகாரத்தைப் பயன்படுத்தச் சொல்வதற்கு ஞானஸ்நானம் வேண்டியதில்லை. எந்தக் குடிமகனும் கேட்கலாம். மோரியாக்கின் பலவீனம் இங்கேதான் இருந்தது. குடிமகனாகக் கேட்டிருக்க வேண்டியதைக் கிறிஸ்தவ அன்பின் மொழியில் கேட்டார். அதனால் நீதிக்கு எதிரே அன்பை நிறுத்துகிறார் என்ற தோற்றம் உண்டானது. காம்யுவுக்கும் அந்த இடைவெளி போதுமானதாயிற்று. பெரோவின் தண்டனையை அப்போது அரசின் தலைவராக இருந்த தெ கோல் குறைத்தார் என்பது தனிக் கதை.

அடுத்த வழக்கு கடினமானது. ரொபேர் பிரஸியாக் முப்பத்தைந்து வயது எழுத்தாளர். யூத வெறுப்பைத் தொழிலாகவே நடத்திய 'ழெ சுய் பர்த்து' வார இதழின் ஆசிரியராக இருந்தவர். யூதர்களை நாட்டைவிட்டு அப்புறப்படுத்தும்போது சிறுவர்களையும் விட்டுவைக்க வேண்டாம் என்று 1942-ல் எழுதியவர். மோரியாக்கை ஆண்டுக்கணக்கில் அதே இதழில் இழிவுபடுத்தியவரும் அவரே. 1945 ஜனவரி 19 அன்று ஒரே நாளில் விசாரணை முடிந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர் உயிரைக் காப்பாற்றக் கோரும் மனுவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களும் கலைஞர்களும் கையெழுத்திட்டார்கள். மோரியாக் முன்னின்றார். பிப்ரவரி 3 அன்று தெ கோலை நேரில் சந்தித்துப் பேசினார். பலனில்லை, பிப்ரவரி 6 அன்று பிரஸியாக் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுத்தாளர்கள் சார்த்தரும் சிமோன் தெ பொவாரும் கையெழுத்திட மறுத்தார்கள். காம்யு கையெழுத்திட்டார். பிரஸியாக்கை அவர் வெறுத்தார். அந்த வெறுப்பைவிட மரண தண்டனையின் மேல் அவருக்கிருந்த அருவருப்பு பெரிதாக இருந்தது.

இந்த வழக்கில் மோரியாக்கின் நிலை முந்தையதைவிட உறுதியானது. பிரஸியாக் தம்மைக் காயப்படுத்தியவர் என்பதால், தம் காயத்தைப் பொறுத்தவரை மன்னிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. அந்த யூதக் குழந்தைகளுக்காக மன்னிக்கும் உரிமை அவருக்கு இல்லை, வேறெவருக்கும் இல்லை. இந்த எல்லைக்குள் நின்றபடி ஓர் உயிரைக் கேட்க முடியும். கேட்டார். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்ற 1940-ன் முதல் வாரங்களில், ஜெர்மானியரோடு ஒத்துழைத்த அரசின் தலைவர் பெத்தேனை நம்பி எழுதியவர்களில் மோரியாக்கும் ஒருவர், விரைவிலேயே தெளிந்தார். தம் பக்கத்துப் பிழையை மறைக்கவே மற்றவர்க்கு இரக்கம் கேட்டார் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அது நேர்மையான வாசிப்பாகத் தெரியவில்லை. தானும் வழுக்கியிருக்கக்கூடிய இடத்தில் இன்னொருவன் விழுந்து கிடப்பதைப் பார்ப்பவனுக்குத் தீர்ப்புச் சொல்லும் குரல் தழுதழுப்பது இயல்பு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டுப் பழகியவரிடம் அந்தப் பழக்கமாவது எழுத்தில் இறங்கவில்லை என்றால் வேறு எது இறங்கும்?

பத்திரிகைக்காரராக அளவு மீறிய மோரியாக், நாவலாசிரியராக அதே இடத்தில் அடக்கம் காட்டினார். கணவனுக்கு விஷம் வைத்த தெரேஸ் தெஸ்கெரூ அவர் படைப்புகளிலேயே பேர்போன பாத்திரம். 1927-ல் வந்த அந்த நாவலைப் படித்த பக்தர்கள் முகம் சுளித்தார்கள். பாவத்தை இவ்வளவு நெருங்கிக் காட்டுகிறவர் எப்படி நல்ல கத்தோலிக்கர் ஆவார் என்பது அவர்கள் கேள்வி. 1935-ல் தெரேஸின் கடைசிக் காலத்தை எழுதியபோது, அவள் ஒரு குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து அமைதியடைவதாகப் பக்கங்கள் எழுதினார். பிறகு கிழித்துப்போட்டார். தெரேஸின் வாக்குமூலத்தைக் கேட்கக்கூடிய அந்தக் குருவானவர் தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று முன்னுரையில் காரணம் சொன்னார். அந்தப் பக்கங்கள் இருந்திருந்தால் முகம் சுளித்த வாசகர்கள் மகிழ்ந்திருப்பார்கள். நாவலாசிரியர் கண்டிராத ஒன்றைக் கண்டதாகச் சொல்லியிருப்பார். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதும் பத்துக் கட்டளைகளில் ஒன்றுதானே? இத்தனைக்கும், பாத்திரங்களுக்குச் சுதந்திரம் தராமல் கடவுளின் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறார் என்று 1939-ல் சார்த்தர் தாக்கியது இந்த 1935 நாவலை வைத்துத்தான். விசுவாசியான எழுத்தாளருக்கு இரண்டு பக்கமும் அடி விழும். கிழித்த பக்கங்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

1952 டிசம்பரில் மோரியாக் நோபல் பரிசு வாங்கினார். அதே மாதம் காசாபிளாங்காவில் பிரெஞ்சு நிர்வாகம் மொராக்கோ மக்களின் கிளர்ச்சியைத் துப்பாக்கியால் அடக்கியது. 1953 ஜனவரியில், உலகப் புகழின் உச்சத்தில் இருந்த முதியவர், கிறிஸ்தவர்களின் கடமை என்ன என்று ஃபிகாரோவில் கேட்டு எழுதினார். அந்த ஏட்டின் வாசகர்களில் கணிசமானோர் கத்தோலிக்கர்கள். காலனிகளில் சொத்தும் சொந்தமும் உள்ளவர்களும் இருந்தார்கள். கோபக் கடிதங்கள் குவிந்தன. 1954 முதல் தம் பத்தியை 'லெக்ஸ்பிரஸ்' என்ற இளம் இடதுசாரிச் சார்பு வார இதழுக்குக் கொண்டுபோனார். 1955 ஜனவரியில், அல்ஜீரியாவில் கைதிகளைக் காவல்துறை சித்திரவதை செய்வதை அங்கேதான் எழுதினார். கூர்ந்து பார்த்தால் 1945-க்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அப்போது, தம் நம்பிக்கையின் பெயரால் பிறரிடம் விலை கேட்டார். இப்போது தம் நம்பிக்கைக்காரர்களிடமே கேட்டார்; விலையைத் தாமே கொடுத்தார். பழகிய ஏட்டையும் பழகிய வாசகரையும் விட்டுவிட்டு, தம் விசுவாசத்தைப் பகிராத இளைஞர்கள் நடத்தும் இதழில் போய் எழுதினார். விசுவாசம் சொல்லும் அறத்தைப் பொதுவெளியில் பேசுவதற்கான தகுதி இப்படித்தான் சம்பாதிக்கப்படுகிறது.

பேசாமல் இருக்க வேண்டிய இடமும் உண்டு. 1955-ல் டெல் அவிவ் நாளிதழுக்காகப் பேட்டி காண எலீ வீசல் வந்தார்; நாஜி முகாமிலிருந்து உயிர் பிழைத்த இளைஞர். மோரியாக் இயேசுவின் பாடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல், பத்தாண்டுக்கு முன் யூதக் குழந்தைகள் பட்டதைப் பற்றி நாங்கள் யாரும் பேசுவதில்லை என்று சொல்லிவிட்டு வீசல் எழுந்து வெளியேறினார். கிழவர் பின்னாலேயே போய் அவரைத் திரும்ப அழைத்து வந்தார், அழுதார், எழுதச் சொல்லி வற்புறுத்தினார். வீசலின் 'இரவு' 1958-ல் பிரெஞ்சில் வந்தபோது வெளியிட்டது மினுயி, முன்னுரை மோரியாக்குடையது. சிலுவையையும் உயிர்ப்பையும் நம்புகிற தாம் அந்த இளைஞனுக்குச் சொல்லியிருக்கக்கூடியவற்றை அதில் எண்ணிப் பார்க்கிறார். எதையும் சொல்லவில்லை, கட்டியணைத்து அழ மட்டுமே முடிந்தது என்று எழுதுகிறார். ஆறுதல் வார்த்தை கைவசம் நிறைய இருந்தும் அதை நீட்டாதவரின் முன்னுரை அது. லெனோவின் மனைவி விஷயத்தில் அவருக்கு வாய்க்காத பக்குவம் வீசலிடம் வாய்த்தது.

போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் டொமினிக்கன் துறவிகளின் மடம் ஒன்றில் காம்யு உரையாற்றினார். தங்கள் சர்ச்சையின் அடிப்படையில் மோரியாக் சொன்னதே சரி என்று அங்கே ஒப்புக்கொண்டார். தமக்காகக் கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையை நீர்க்கச் செய்ய வேண்டியதில்லை என்றார். உரக்க, சந்தேகத்துக்கு இடமில்லாமல், பாமரனுக்கும் புரியும்படி பேசுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். விசுவாசியான எழுத்தாளர்கள் இந்த ஒப்புதலைப் பெருமையோடு எடுத்துச் சொல்வது வழக்கம். ஆனால் காம்யு தேவைக்கு மேல் விட்டுக்கொடுத்தார் என்றே தோன்றுகிறது. மரண தண்டனை பற்றி அவர் மாறியது சரி. அந்த மாற்றத்துக்கும் அவர் தம் சொந்த வழியில், கடவுளை நம்பாமலே வந்து சேர்ந்தார். யாருடைய காயத்தை யார் மன்னிப்பது என்று 1945-ல் அவர் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. அதை அவரே விட்டுவிட்டுப் போனாலும், இரக்கத்தைப் பற்றி எழுத உட்காரும் கிறிஸ்தவர் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய ஒப்புதலை அல்ல, அந்தக் கேள்வியை.