திண்ணையில் பேசுவதை மேடையில் பேசலாமா?

கும்பகோணத்தில் ஒருவர் கண்ணை மூடிய சில மணி நேரத்தில் சுவரொட்டி ஒட்டியாகிவிடும். மாலை போட்ட படம், மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே மகன், மருமகள், பேரன், பேத்தி என்று வரிசையாகப் பெயர்கள். தொண்ணூறைத் தாண்டியவர் என்றால் அது கல்யாணச் சாவு. பறையும் வெடியும் பூப்பல்லக்குமாகத் தெரு கொஞ்சம் திருவிழாக் களை கட்டும். சுவரொட்டியில் இருப்பவர் ஒரு குறையும் இல்லாத மனிதர். அதே வீட்டுத் திண்ணையில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சில் வேறொருவர் எழுந்து வருவார். தங்கை கல்யாணத்துக்கு நிலத்தை விற்றவர், அதே தங்கையோடு பத்து வருஷம் பேசாதவர், பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்தே போனவர், பேரப்பிள்ளைக்கு மட்டும் கை நீண்டவர். நடுவே சிரிப்பும் கேட்கும். யாரும் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. ஒப்பாரி வைக்கும் கிழவிகூட அழுகையோடு நாலு வசவையும் சேர்த்துத்தான் வைப்பாள்.

ஊருக்கும் நாட்டுக்கும் உழைத்த ஒருவர் நிறைவாழ்வு வாழ்ந்து போனால், அவருக்கு உரியது சுவரொட்டியின் மரியாதையா, திண்ணையின் மரியாதையா? இந்த ஊரே அதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது.

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் 1925 ஆகஸ்ட் 7 அன்று கும்பகோணத்தில் பிறந்தார். 2023 செப்டம்பர் 28 அன்று, 98 வயதில், சென்னையில் காலமானார். தந்தை சாம்பசிவன் இவ்வூரில் அறுவை மருத்துவர். யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊராகக் கும்பகோணம் இருந்த காலம் அது. கொசு பெருகும் இடங்களை ஊர்மக்களைத் திரட்டியே ஒழிக்க முனைந்தவர் தந்தை என்பதைச் சுவாமிநாதன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு வயதில் அந்தத் தந்தையை இழந்தார். வீட்டார் எதிர்பார்த்தது இன்னொரு மருத்துவரை. 1943-இல் வங்கப் பஞ்சம் இருபது முப்பது லட்சம் உயிர்களைக் கொண்டுபோக, பையன் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். பின்னால் ஐ.பி.எஸ். தேர்வில் தேறியும் காக்கி போடவில்லை. நெதர்லாந்துக்கு உருளைக்கிழங்கின் மரபியலைப் படிக்கப் போனார். நாட்டுக்கு ஒரு போலீஸ் அதிகாரி குறைந்துபோனதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து வந்ததைப் பாடப்புத்தகங்களே சொல்கின்றன. 1966-இல் இந்தியா சுமார் 1 கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தது. அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் கோதுமை என்ற நிலை. மெக்சிகோவிலிருந்து நார்மன் போர்லாக்கின் குட்டைக் கோதுமை விதை வந்தது. அரசியல் துணிவைத் தந்தவர் அமைச்சர் சி. சுப்பிரமணியம், ஆய்வுப் படையை நடத்தியவர் சுவாமிநாதன். 1964-65-இல் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-இல் ஏறத்தாழ 1 கோடியே 65 லட்சம் டன்னைத் தொட்டது.

தஞ்சைத் தரணிக்கு இதில் நெருங்கிய பங்கு உண்டு. 1954-இல் நாடு திரும்பிய சுவாமிநாதன் சில மாதங்கள் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், நம் நெல்லையும் ஜப்பானிய நெல்லையும் கலக்கும் திட்டத்தில் வேலை பார்த்தார். அந்தத் திட்டத்தின் வழியில் வந்ததுதான் ஏடிடி 27. கும்பகோணத்துக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆடுதுறையில் 1965-இல் வெளியாகி, குறுவைப் பட்டத்தையே மாற்றிப்போட்ட குறுகிய கால நெல். ஒருபோகம் சம்பாவோடு நின்ற வயல்களில் இருபோகம் ஏறியது.

இதுவரை சொன்னது சுவரொட்டிக்குள் அடங்கும். திண்ணையில் உட்கார்ந்தால் வேறு கணக்குகளும் வரும்.

குட்டை நெல் யூரியாவைக் கேட்டது, பூச்சி மருந்தைக் கேட்டது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கேட்டது. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயாணமும் பூங்காரும் வயலை விட்டுப் போயின. பஞ்சாபில் நிலத்தடி நீர் பாதாளத்துக்கு இறங்கியது. விளைச்சலின் பலன் எல்லார் வீட்டு நெற்குதிரையும் ஒரே அளவாக நிரப்பவில்லை. ஏடிடி 27 பரவிய அதே ஆண்டுகளில்தான், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விதையைத் தேடியவருக்கும் அந்தக் கொலைக்கும் நேர்த்தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் 'பசுமைப் புரட்சி பசியைப் போக்கியது' என்று மேடையில் ஒரே வரியில் முடிக்கும்போது, நாற்று நட்டவர்களின் பசி எப்போது போனது என்ற கேள்வி வரப்பிலேயே நின்றுவிடுகிறது.

தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வார், கோவில்பட்டி ஆய்வுப் பண்ணை வேலையை உதறிவிட்டு வந்து, 2013-இல் இறக்கும்வரை ஊர் ஊராக நடந்து எழுப்பிய கேள்வியும் இந்தப் புது விதைகளைப் பற்றியதுதான். அவர் வழியில் வந்த 'நெல்' ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடி மீட்டார். ஒரே டெல்டா மண் இரு தரப்பையும் பெற்றிருக்கிறது.

செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது, அதனால் குறை பேசக்கூடாது என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் மறைந்த நெல் ரகமும் உவர்ந்த மண்ணும் மேடையேறிப் பேசப்போவதில்லை. இறந்தவருக்குக் காட்டும் இரக்கத்தில் பாதியாவது அவற்றுக்கும் வேண்டும். இன்னொரு வாதம்: வயிறு நிறைந்தவர்கள்தான் பசுமைப் புரட்சியைக் குறை சொல்கிறார்கள். அதில் பெரும்பகுதி உண்மை. கப்பல் கோதுமைக்கு வரிசையில் நின்றவர்களின் நினைவு இல்லாமல் பேசுவது எளிது. அந்த உண்மை, விலை கொடுத்தவர்களின் வாயை அடைக்கப் பயன்படும்போதுதான் அநியாயமாகிறது.

குறை பேசுவதற்கும் ஒரு நேர்மை உண்டு. அவரவர் பற்றை அவரவர் கணக்கில்தான் எழுத வேண்டும். இலவச மின்சாரமும் நெல், கோதுமைக்கே குவிந்த கொள்முதலும் அரசுகள் எடுத்த முடிவுகள். சுவாமிநாதனோ 1968 ஜனவரியிலேயே, வாராணசி அறிவியல் மாநாட்டில், மண்வளத்தைக் காக்காத தீவிரச் சாகுபடி, கட்டுப்பாடில்லாத பூச்சிமருந்து, நிலத்தடி நீர்ச் சுரண்டல், உள்ளூர் ரகங்களை ஒன்றிரண்டு ரகங்கள் விழுங்குவது ஆகியவை கேட்டில் முடியும் என்று எச்சரித்தார். கோதுமைப் புரட்சிக்கு அரசு தபால்தலை வெளியிட்டது அதற்கும் ஆறு மாதம் கழித்துத்தான். வரவில் எழுத வேண்டியது இது. எச்சரித்தவரே 1972 முதல் 1979 வரை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் இருந்தார், துறை பெரும்பாலும் பழைய பாதையிலேயே போனது என்பதையும் பக்கத்திலேயே எழுதியாக வேண்டும். அவர் குழு உருவாக்கிய சர்பதி சொனோரா கோதுமையின் லைசின் என்ற புரதக் கூறின் அளவைப் பற்றி எழுபதுகளில் எழுந்த சர்ச்சையும் அந்த ஏட்டில் உண்டு. நினைவு மலர்கள் அதைத் தொடுவதே இல்லை.

நீண்ட ஆயுள் அவருக்கு ஒரு வாய்ப்பைத் தந்தது. அவர் அதை வீணாக்கவில்லை. 1987-இல் முதல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில் மறு ஆண்டு சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டையும் கொல்லிமலைச் சிறுதானியத்தையும் கோராபுட் பழங்குடியினரின் நெல்லையும் காக்கப் போனது. நாற்பதில் தொடங்கிய வேலைக்கு அறுபதுக்குமேல் திருத்தம் எழுதினார் என்று சொன்னால் தப்பில்லை. நாற்பதோடு போயிருந்தால் கோதுமை மட்டும்தான் நினைவில் நின்றிருக்கும்.

சுவரொட்டிகளில் வரும் 'அன்பான குடும்பத் தலைவர்' என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அதற்குள் ஒரு மனைவி ஒடுங்கிப்போவது வழக்கம். கேம்பிரிட்ஜில் சந்தித்து 1955-இல் மணந்த மீனா, எழுத்தாளர் கிருத்திகாவின் மகள். முன்பருவக் குழந்தைகள் பற்றி 1972-இல் அறிக்கை தந்த குழுவின் தலைவர். 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்துக்கு வழிவகுத்தவற்றில் அந்த அறிக்கையும் ஒன்று. கணவர் நாட்டுக்குக் கோதுமை தேடிய காலத்தில் மனைவி குழந்தைகளுக்குச் சோறும் பாடமும் தேடியிருக்கிறார். 2022 மார்ச்சில் மறைந்தார். கணவரைப் பற்றிய அஞ்சலிக் கட்டுரைகளில் அவருக்குப் பெரும்பாலும் ஒரு வரி.

மகள்கள் மூவர்: மருத்துவர் சௌம்யா, பொருளியலாளர் மதுரா, சமூக ஆய்வாளர் நித்யா. 2024 பிப்ரவரி 9 அன்று சுவாமிநாதனுக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. நான்காம் நாள் பஞ்சாப் விவசாயிகள் தில்லி நோக்கிக் கிளம்பினார்கள். சாலையில் தடுப்புகள் எழுந்தன. அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது, சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பரிந்துரை: சாகுபடிச் செலவுக்குமேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை. விவசாயிகள் கிளம்பிய அன்றே, விருதைக் கொண்டாடத் தில்லிப் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கூட்டத்தில் மதுரா பேசினார். வருகிறவர்கள் விவசாயிகள், அவர்களைக் குற்றவாளிகளாக நடத்தாதீர்கள், சுவாமிநாதனைப் போற்றுவதென்றால் அவர்களைச் சேர்த்துக்கொண்டுதான் போற்ற வேண்டும் என்ற பொருளில். வாழ்த்துக் கூட்டத்தில் ஒரு மகள் நன்றி சொல்லி உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திண்ணைப் பேச்சை மேடையில் பேசினார். அந்த ஆண்டு நடந்த அத்தனை அஞ்சலிகளிலும் அதுவே மேலானது.

2018-19 முதல் ஒன்றிய அரசு ஒன்றரை மடங்கு விலை தருவதாகச் சொல்கிறது. அந்தக் கணக்கில் கைச்செலவும் வீட்டார் உழைப்பும் உண்டு. சொந்த நிலத்தின் வாரமும் முதலின் வட்டியும் இல்லை. விவசாயிகள் கேட்பது அவற்றையும் சேர்த்த கணக்கு. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிக் காவல் காக்கும் டெல்டாக்காரருக்கு அதற்கு முன்னால் இன்னொரு கணக்கு காத்திருக்கிறது. ஈரமானியின் முள் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. குறுவை அறுவடை ஐப்பசி மழையில் சிக்கும் ஆண்டுகளில் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைவிடுவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகஸ்ட் 7 ஆண்டுதோறும் வரும். கும்பகோணத்தில் அன்று கூட்டம் நடத்துகிறவர்கள் மேடையில் மூன்று நாற்காலிகள் கூடுதலாகப் போடட்டும். ஆடுதுறையில் புது ரகத்துக்காக உழைக்கும் ஒருவருக்கு ஒன்று, மாப்பிள்ளைச் சம்பா போடும் ஒருவருக்கு ஒன்று, நடவுக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு ஒன்று. மூவரையும் பேசவிடுங்கள். பேச்சு நீண்டால் காப்பி இன்னொரு சுற்று போகட்டும்.