மணிகளைச் சுமந்தவர்கள்

"கோணேசர் கோயிலையும் இடிக்காம இப்படி விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், என்னப்பா?" என்று மகள் கேட்டாள். கொர்தோபாவின் பெரிய பள்ளிவாசலுக்குள் தூண்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தோம். உடனே ஆம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பங்குனி மாதம். மட்டக்களப்பு மாவட்டத்து எங்கள் பனிச்சங்கேணியில் அந்த நாட்களில் வாடை ஓய்ந்து, கடல் அடங்கி, வெயில் ஏறத் தொடங்கிவிடும். தெற்கு ஸ்பெயினில் காலையில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே வர முடியாது. மத்தியானம் அதைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். பள்ளிவாசல் முற்றத்துத் தோடை மரங்கள் பூத்திருந்தன. அந்த வாசம் உள்ளே வரைக்கும் வந்தது.

785 அளவில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கி, வழிவந்தவர்கள் இருநூறு ஆண்டுகளாகப் பெருப்பித்துக்கொண்டே போன கட்டடம் அது. எண்ணூற்றைம்பதுக்கு மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் பல, உரோமர் காலத்துக் கட்டடங்களிலிருந்தும் பழைய தேவாலயங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்தவை. 1236 இல் மன்னர் மூன்றாம் பெர்னாந்து நகரைப் பிடித்ததும் பள்ளிவாசல் தேவாலயமாயிற்று. 1523 இல் நடுவிலிருந்த தூண்களை அகற்றி ஒரு பெரிய திருக்கோயிலை எழுப்பத் தொடங்கினார்கள். நகர சபையே எதிர்த்தது; ஐந்தாம் சார்ள்ஸ் மன்னர் அனுமதி கொடுத்துவிட்டார். இன்று அங்கே திருப்பலி நடக்கிறது. முஸ்லிம்களுக்குத் தொழ அனுமதி இல்லை. ஸ்பானிய முஸ்லிம்கள் கேட்டுப் பார்த்தார்கள், மறைமாவட்டம் மறுத்துவிட்டது. தொழுகைத் திசை காட்டும் மாடமான மிஹ்ராபின் முன்னால் நான் கைகூப்பி நின்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒருவர் தரையில் நெற்றியை வைத்திருந்தால் காவலர் வந்திருப்பார்.

கோணேசர் கோயிலின் கதை இதற்கு நேர்மாறு. எங்கள் ஊர்ப் பாலத்தைத் தாண்டி வடக்கே போகும் வீதி வாகரை, கதிரவெளி, வெருகல், மூதூர், கிண்ணியா என்று திருகோணமலையில் போய் முடியும். அங்கேதான் கோணேசர் கோயில்; ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம். 1622 இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அதை இடித்தான். அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் தமிழ் எழுத்தும் இரட்டைக் கயலும் பொறித்த கல் இன்றும் இருக்கிறது. மிச்சம் கடலுக்குள் போனது; 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் அந்த இடிபாடுகளைக் கண்டார்கள். ஆனால் வழிபாடு நிற்கவில்லை. கோயிலின் திருவுருவங்கள் தம்பலகாமத்துக்குப் போயின; அங்கே கோயில் எழுந்தது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கோட்டையை வைத்திருந்த காலத்திலும் சனங்கள் மலை விளிம்புக்கு ஏறிப்போய், பூவையும் பழத்தையும் கடலுக்குப் படைத்துக் கும்பிட்டார்கள். 1963 மார்ச்சில் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தபோது, கோணேசர் முந்நூற்று நாற்பது ஆண்டுகள் கோபுரமில்லாமல் இருந்து முடித்திருந்தார்.

ஓரிடத்தில் கல் நிலைத்தது, தொழுகை போனது. மற்ற இடத்தில் கல் போனது, கும்பிடு நிலைத்தது. எது பெரிய இழப்பு? சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் கடைசி நூற்பாவில் அடியவர் கோலத்தையும் கோயிலையும் சிவனாகவே கண்டு வணங்கச் சொல்கிறார். அடியவரை முன்னால் வைத்து, கோயிலைப் பிறகு வைக்கிறார். படிப்பித்த காலத்தில் இதைப் பல தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதன் முழுக் கனமும் கொர்தோபாவில்தான் என்மேல் இறங்கியது. கும்பிடுகிறவனை விலக்கிவிட்டுக் காக்கப்படும் தூண், எவ்வளவு அழகானாலும், அநாதை.

கொர்தோபாவுக்கு ஒரு மணிக் கதையும் உண்டு. 997 இல் அந்நகரை ஆண்ட தளபதி அல்-மன்சூர் வடக்கே சந்தியாகு நகரின் தேவாலயத்தைத் தாக்கி, அதன் மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றி இங்கே கொண்டுவரச் செய்தான். அவை பள்ளிவாசலில் விளக்குகளாகத் தொங்கின. 1236 இல் பெர்னாந்து அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினான். இருநூற்று முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு கணக்குத் தீர்ந்ததென்று யாரோ மகிழ்ந்திருப்பார்கள். சுமந்தவர்களில் ஒருவன்கூட அந்தக் கணக்கை எழுதியவனல்லன்.

இதை எழுதும்போது எங்கள் மாவட்டத்தைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. 1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் தமிழரின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் செத்தார்கள். அதைச் செய்தவன் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவன். கல்லை இடித்தவனின் பாவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சுஜூதில் குனிந்தவனும், முழந்தாளிட்ட பிள்ளையும், மலை விளிம்பில் பூவோடு நின்றவளும் அடியவர்கள்தான் என்றால், அவர்கள்மேல் விழுந்த குண்டு கருவறையின்மேல் விழுந்த குண்டு. மெய்கண்டாரை ஏற்றுக்கொள்ளும் சைவன் இதிலிருந்து தப்ப வழியில்லை.

ஆகவே மகளுக்கு நான் சொன்ன பதில் இது: கோயில் தப்பியிருந்தால் சந்தோசம்தான் பிள்ளை, ஆனா கும்பிட விடாம தப்பியிருந்தா நமக்கு என்ன கிடைச்சிருக்கும்?

கோணேசர் கோயிலுக்காக நெஞ்சு பதறும் சைவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு முறை காத்தான்குடிக்குப் போங்கள். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் சன்னங்கள் துளைத்த அடையாளங்களை மூடாமல் வைத்திருக்கிறார்கள். அனுமதி கேட்டு உள்ளே போய்ப் பாருங்கள். மட்டக்களப்பு நகரிலிருந்து பஸ்ஸில் அதிக நேரம் ஆகாது.